வீட்டு மெடிக்கல் மெஷின் கம்பெனிகள்: பங்கு வாங்கலாமா?

செந்துறை பக்கத்திலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மக்காச்சோளம் வித்த காசு ஒரு லட்சம் கையில இருக்கு. அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு பிபி, வீட்டில் ரெண்டு மெஷின். "எல்லார் வீட்லயும் இதே கதைதான் அண்ணே, அந்தக் கம்பெனி பங்கையே வாங்கிட்டா என்ன?"

நியாயமான கேள்வி. பெரம்பலூர்க்காரர் நாரணமங்கலம் டயர் ஆலையைப் பார்த்து எம்.ஆர்.எஃப். பங்கை விசாரிக்கிறார், அரியலூர்க்காரர் சிமெண்ட் பங்கை விசாரிக்கிறார். ஆனா மெஷின்ல இருக்கிற பேரு நம்ம சந்தையில் இருக்கணும்னு இல்லை. ஆம்ரான் டோக்கியோ சந்தையில் இருக்கு. அதோட பெரிய தொழில் ஃபேக்டரி ஆட்டோமேஷன்; பிபி மெஷின் ஒரு பகுதிதான். அக்யூ-செக் சுவிஸ் கம்பெனி ரோஷுடையது. அங்க மருந்து வியாபாரத்துக்கு முன்னாடி சுகர் மீட்டர் சின்னது.

இங்கே பட்டியலில் உள்ளதில் ரெண்டை எடுத்துப்போம். டாக்டர் டிரஸ்ட் பிராண்டை விற்கும் நியூரெகா, 2021 பிப்ரவரியில் ஐபிஓ வந்தது, ஒரு பங்கு 400 ரூபாய். அடுத்து கொரோனா ரெண்டாம் அலை. ஆக்சிமீட்டருக்கு ஊரே அலைஞ்சது ஞாபகம் இருக்கும். அதே வருஷம் பங்கு 2,000ஐத் தாண்டியது. அப்புறம்? ஒரு வீட்டுக்கு ஒரு ஆக்சிமீட்டர் போதும், வாங்கினவங்க திரும்ப வாங்கலை. 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், பிபி மெஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் அஞ்சுக்கும் அரசு வியாபார லாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு வேற வச்சுது. 2022-23ல் கம்பெனி விற்பனை முந்தின வருஷத்தில் பாதிக்கும் கீழே போய் நஷ்டம் வந்தது. 2023ல் பங்கு ஐபிஓ விலைக்கும் கீழே இறங்கியது.

இன்னொண்ணு மோர்பென். இமாச்சலில் பத்தியில் ஆலை. டாக்டர் மோர்பென் சுகர் மீட்டர் இவங்களோடது. இதில் விஷயம் ஸ்ட்ரிப்தான். மீட்டரை மலிவாக் கொடுத்துடலாம், சில நேரம் ஸ்ட்ரிப் டப்பாவோட சும்மாவே வரும். ஒருத்தர் வாரம் ரெண்டு தடவை குத்திப் பார்த்தா வருஷத்துக்கு நூறு ஸ்ட்ரிப். இந்த வருமானம் அலை ஓய்ஞ்சாலும் நிக்காது. ஆனா மோர்பென் பங்கை வாங்கினா பெரும்பாலும் மருந்து மூலப்பொருள் தொழிலைத்தான் வாங்குறீங்க. அதன் ஏற்றுமதி விலை இறங்கினா பங்கும் ஆடும்.

ரெண்டில் எதுன்னா, திரும்பத் திரும்ப வாங்க வைக்கிற பொருள் உள்ள பக்கம் நான் சாய்வேன், விலை சரியா இருந்தா. (நான் செபியில் பதிவு செஞ்ச ஆலோசகர் இல்லை, இது என் கருத்து.) தம்பி, உங்க ஊர் மெடிக்கலில் எந்த ஸ்ட்ரிப் மாசாமாசம் தீருதுன்னு கேளுங்க. கம்பெனி அறிக்கையில் மெஷின் விற்பனையும் ஸ்ட்ரிப் விற்பனையும் தனித்தனியா இருக்கான்னு தேடுங்க.

அப்புறம் அந்த ஒரு லட்சம். புரட்டாசி விதைப்புக்கு விதை, உரம் வாங்க அதில்தான் எடுக்கணும்னா, அந்தப் பங்கைத் தனியா வச்சுட்டு மிச்சத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.