கைப்பழக்கமும் கவனப் பிழையும்



பால் காய்ந்ததும் பாத்திரத்தை இறக்கியவர் அடுப்பை அணைக்க மறக்கிறார். மருந்து வாங்கப் புறப்பட்டவர் மருந்துக்கடையைக் கடந்து நேரே வீடு வந்து சேர்கிறார். இவை அறிவின் குறையா? அல்ல என்கிறது உளவியல்.

அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், 1890இல் வெளியிட்ட நூலில், விருந்துக்கு உடை மாற்றச் சென்று, ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, இறுதியில் படுக்கையிலேயே படுத்துவிடுவோரைக் குறிப்பிடுகிறார். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜேம்ஸ் ரீசன், தேநீர் தயாரிக்கையில், பசித்துக் கத்திய பூனைக்குரிய உணவைத் தேநீர்க் கெண்டியில் இட்டுவிட்டார். அச்சிறு நிகழ்ச்சியே அவரை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது. பலரையும் தத்தம் பிழைகளை நாட்குறிப்பில் எழுதிவரச் செய்து அவர் கண்டது இது: இப்பிழைகள் புதிய வேலையில் அல்ல, நன்கு பழகிய வேலையிலேயே மிகுதி.

பழகிய செயல் தானே நடப்பதால், கவனம் அதனை விட்டு வேறொன்றை நாடுகிறது. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் கவனம் இல்லையேல், கையும் காலும் வலிய பழக்கத்தின் வழியே செல்கின்றன. மேலும், கருதிய பயன் கைகூடியதும் எஞ்சிய சிறு வேலை மனத்தை விட்டு நழுவுகிறது. பணம் வழங்கும் இயந்திரங்கள் பல, அட்டையை முதலில் திருப்பித் தந்து, பின்னரே பணம் தருவது இதனால்தான்.

எனவே, முதியவர் ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்தால் 'வயதாகிவிட்டது' என்று கடிதல் தகாது. இப்பிழை எவ்வயதினர்க்கும் உரியது. பழகிய தெருவில் வழி தவறுதல், உற்றார் பெயர் மறத்தல் ஆகியன தொடருமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நம் முன்னோர் கவனமின்மையைப் பிரமாதம் என்றனர். தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து அதனையே காரணமாக வைக்கிறது. நடத்தல், பேசுதல், உணவு கொள்ளுதல், பொருளை எடுத்தலும் வைத்தலும், கழிவு நீக்குதல் என ஐந்து சமிதிகளும் அன்றாடம் பழகிய செயல்களைப் பற்றியனவே. பழகிய இடத்தில்தான் காவல் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஜப்பானிய ரயில் ஊழியர் சமிக்ஞையை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கின்றனர். இல்லத்திலும் அவ்வாறே 'அடுப்பு அணைந்தது' என்று சொல்லிப் பழகலாம். நெருப்பும் கூர்ங்கருவியும் கையிலிருக்கும்போது கைப்பேசியைத் தவிர்க்கலாம். ஒரு கணக் கவனம் ஓர் உயிரைக் காக்கும்.