போதும் என்று யார் சொல்லலாம்?

(கோரிப்பாளையத்தில் நடைபெற்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'எளிமையான வாழ்க்கையின் நன்மைகள்' என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு இன்று 'மினிமலிசம்' என்று புதுப்பெயர் வந்திருக்கிறது. வீட்டில் வேண்டாத பொருள்களை நீக்குவது பற்றி ஜப்பானைச் சேர்ந்த மேரி கோண்டோ எழுதிய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பல நாடுகளில் இலட்சக்கணக்கில் விற்றது. பொருளைக் குறைக்கச் சொல்லும் புத்தகத்தையும் நாம் கடைக்குப் போய் வாங்கித்தான் அலமாரியில் வைத்திருக்கிறோம்!

தலைப்பைக் கேட்டதும் என் வகுப்புப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பலருக்கு அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அல்லது கொத்து வேலைக்குப் போகிறார். அம்மா வீட்டு வேலை செய்கிறார். ஒரே அறையில் ஐந்து பேர் தூங்கி எழுந்து பள்ளிக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் போய், "தேவைகளைக் குறைத்துக்கொள்" என்று சொன்னால், எதைக் குறைப்பார்கள்? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான். பசியோடு வரும் குழந்தைக்கு வயிறு நிறையச் சோறு போடுவதுதான் அரசின் கடமை, நம் கடமை. ஆகவே, 'போதும்' என்பதை யார் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. விடை நம் மதுரையிலேயே இருக்கிறது.

1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரைக்கு வந்தார். அந்நியத் துணியை விலக்கிக் கதர் உடுத்துங்கள் என்று நாடு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ரயிலில் வரும்போது, பெட்டியிலிருந்த பயணிகள் பலர் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். கதர் வாங்கும் அளவுக்கு எங்களிடம் காசு இல்லை என்று சிலர் சொன்னார்கள். அந்தப் பதில் அவரை வெகுவாகப் பாதித்தது. அவரோ வேட்டி, மேற்சட்டை, தொப்பி என்று முழு உடையில் இருந்தார். மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், செப்டம்பர் 22ஆம் நாள், சட்டையையும் தொப்பியையும் துறந்து இடுப்பில் சிறு துணியோடு வெளியே வந்தார். அந்தக் கோலத்தில் அவர் மக்கள் முன் தோன்றிய இடம் இன்று காமராசர் சாலையில் 'காந்தி பொட்டல்' என்று அழைக்கப்படுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1931இல், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோது பிரிட்டிஷ் மன்னரின் அரண்மனைக்கும் அதே எளிய உடையில்தான் போனார்.

இந்த வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். ஆனால், இரண்டு செய்திகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

முதலாவது, காந்தி ஏழைகளைப் பார்த்து இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. தன்னிடம் அதிகமாக இருந்ததைத் தான் குறைத்துக்கொண்டார். தன்னுடன் பணியாற்றுவோரும் தன்னைப் போலவே உடுத்த வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை. இரண்டாவது, இந்த முடிவை அறிவித்தபோது, குறைந்தது அக்டோபர் 31 வரை இப்படி இருப்பேன் என்றுதான் சொன்னார். வாழ்நாள் சபதமாக அது தொடங்கவில்லை. ஐந்து வாரச் சோதனையாகத் தொடங்கியது. அந்தச் சோதனைதான் அவர் இறுதி நாள் வரை தொடர்ந்தது.

இருப்பவர்தான் குறைக்க வேண்டும். இல்லாதவருக்குக் கிடைக்க வேண்டும். எளிமை பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். அரசுப் பள்ளி வகுப்பறையில் இருப்பவர் யார்? நிரந்தரச் சம்பளம் வாங்கும் நாம்தான்.

அடுத்து, நம் மாவட்டத்தில் வாழ்ந்த இன்னொரு பெரியவர் ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காயர் படிப்பு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் என்று பெரிய படிப்புகள் படித்தவர். காந்தியைச் சந்தித்த பின் கோட்டு சூட்டை விட்டுக் கதருக்கு மாறினார். கடைசிக் காலத்தில் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தி மறைந்த அதே தேதியில், மறைந்தார். சிறையில் இருந்தபோது அவர் எழுதிய நூல் 'நிலைத்த பொருளாதாரம்' பற்றியது. இயற்கையைப் பார்த்தே பொருளாதாரத்தை வகைப்படுத்துகிறார். மாந்தோப்பில் புகும் குரங்கு ஒன்றும் நடாமல், நீர் ஊற்றாமல் பழத்தைப் பறித்துத் தின்கிறது. தேனீ கூட்டத்தோடு உழைத்து எல்லோருக்குமாகச் சேர்க்கிறது. தாய்ப்பறவையோ கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. நாம் எந்த வகையில் வாழ்கிறோம் என்பதே அவர் கேள்வி. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் இது புரியும். சொல்லிப் பாருங்கள்.

"எல்லோரும் வாங்குவதை நிறுத்திவிட்டால் கடைக்காரரும் நெசவாளரும் என்ன செய்வார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்கவே வேண்டாம் என்று குமரப்பா சொல்லவில்லை. பக்கத்தில் உள்ளவர் உழைப்பில் உருவானதை வாங்குங்கள் என்றார். பண்டிகைத் தள்ளுபடியில் எடுத்து, இரண்டு முறை கட்டி மூலையில் போடும் ஐந்து சேலைகளுக்குப் பதிலாக, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த ஒரு மதுரைச் சுங்குடி எடுத்தால், அந்தக் காசு ஒரு கைத்தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறது. நமக்கும் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

இனி நன்மைகளுக்கு வருகிறேன். முதலில் பணம். நம் ஆசிரியர் அறையில் அதிகம் பேசப்படும் பொருள் எது? கடன். வீட்டுக் கடன், நகைக் கடன், தனிநபர் கடன், தவணைக்கு எடுத்த வண்டி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 சதவீத வட்டியில் 5 இலட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கி, ஐந்து ஆண்டுகளில் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 11,122 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 6 இலட்சத்து 67 ஆயிரம். வட்டி மட்டும் 1 இலட்சத்து 67 ஆயிரம். மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வாங்கும் கடனைக் குறை சொல்ல மாட்டேன். விசேஷத்தில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்று வாங்கும் கடன் வேறு. கணித ஆசிரியர்கள் இதை எட்டாம் வகுப்பில் ஒரு செயல்பாடாகவே கொடுக்கலாம். நாளை அந்த மாணவன் கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பான்.

இரண்டாவது, கவனம். வகுப்பறைச் சுவர் நிறைய வண்ணப் படங்களும் அட்டைகளும் தொங்கினால் குழந்தை நன்றாகக் கற்கும் என்று நம்புகிறோம். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேர். ஆறு அறிவியல் பாடங்கள். சில பாடங்கள் அலங்காரம் நிறைந்த அறையிலும், சில பாடங்கள் வெறும் சுவர் உள்ள அறையிலும் நடத்தப்பட்டன. அலங்காரம் நிறைந்த அறையில் குழந்தைகளின் கவனம் அதிகம் சிதறியது. பாடத் தேர்விலும், வெறும் சுவர் அறையில் 55 சதவீதம் சரியான விடை. அலங்கார அறையில் 42 சதவீதம்தான். இது சிறிய ஆய்வு. இதை வைத்து எல்லா அட்டைகளையும் கழற்றிவிட வேண்டாம். குழந்தைகள் தாங்களே வரைந்ததும், இந்த வாரப் பாடத்துக்கு வேண்டியதும் சுவரில் இருக்கட்டும். மூன்று ஆண்டுகளாகத் தூசி படிந்து தொங்கும் அட்டைக்கு ஓய்வு கொடுப்போம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது: சமத்துவம். நம் பிள்ளைகள் எல்லோரும் ஒரே சீருடையில் வருகிறார்கள். ஆட்டோ ஓட்டுநர் மகளும் மளிகைக் கடைக்காரர் மகளும் அந்த உடையில் ஒன்றுதான். எளிமையால் கிடைக்கும் பெரிய நன்மையை நம் கல்வித்துறை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஆனால் பிறந்தநாள் என்றால் புதுத் துணி, எல்லோருக்கும் சாக்லேட், டீச்சருக்குத் தனியாகப் பெரிய சாக்லேட் என்று அந்தச் சமத்துவத்தை நாமே கலைக்கிறோம். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், தவறாமல் வரும் ஒரு மாணவி திடீரென்று இரண்டு நாள் வரவில்லை. அவளுடைய அம்மாவிடம் விசாரித்தேன். "நேத்து அவளுக்குப் பிறந்தநாள் டீச்சர். மிட்டாய் வாங்க காசு இல்ல. பிள்ளைங்க கேப்பாங்கன்னு போக மாட்டேன்னுட்டா. இன்னைக்கும் அதே வெக்கந்தான்" என்றார். படிக்க ஆசைப்படும் ஒரு குழந்தையை மிட்டாய்ப் பை பள்ளிக்கு வராமல் நிறுத்துகிறது.

அதன் பிறகு என் வகுப்பில் ஒரு முறை வைத்தோம். பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை, வகுப்பு நூலகத்திலிருந்து தனக்குப் பிடித்த ஒரு கதையை எல்லோருக்கும் வாசிக்கும். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுப்பார்கள். செலவு, ஒரு வெள்ளைத்தாள். முன்பு பிறந்தநாளையே மறைத்த பிள்ளைகள் இப்போது ஒரு வாரத்துக்கு முன்பே, "டீச்சர், எந்தக் கதை வாசிக்கட்டும்?" என்று வந்து நிற்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேலூர் அருகே தும்பைப்பட்டியில் பிறந்தவர் பி.கக்கன். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று பத்தாண்டுக் காலம் அமைச்சராக இருந்தவர். தனக்கென்று எதுவும் சேர்க்காதவர். முதுமையில் நோயுற்றபோது, இதோ பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தார். வேறொருவரை நலம் விசாரிக்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு அதிர்ந்து உதவிகள் செய்ய உத்தரவிட்டார். 1981இல் கக்கன் மறைந்தார். மேடைகளில் இதை எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அவர் நேர்மைக்கு எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருத்துவமனைப் படுக்கை நாம் பெருமைப்பட வேண்டிய காட்சி அன்று. அத்தகைய மனிதரைக் கவனிக்காமல் விட்ட நாம் வெட்கப்பட வேண்டிய காட்சி. எளிமை அவர் தேர்ந்தெடுத்தது. முதுமையின் தனிமையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே, எளிமை என்ற பெயரில் சேமிப்பையும் காப்பீட்டையும் உடல்நலத்தையும் விட்டுவிடாதீர்கள். வீண் செலவைக் குறைப்பதே அவற்றுக்குப் பணம் வேண்டும் என்பதற்காகத்தான்.

நிறைவாக, நாம் செய்யக்கூடியவை சில. காந்தியைப் போல நாமும் ஐந்து வாரச் சோதனையாக வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து வாரம், அவசியமில்லாத எந்தப் பொருளையும் நினைத்த அன்றே வாங்காமல் ஒரு வாரம் தள்ளிப்போடுவோம். வீட்டில் பயன்படாமல் இருக்கும் கதைப் புத்தகங்களை வகுப்பு நூலகத்துக்குக் கொண்டுவருவோம். பள்ளி அலமாரியில் பாதுகாக்க வேண்டிய பதிவேடு எது, தேவையற்றது எது என்று தலைமையாசிரியர் அனுமதியோடு பிரித்து, அந்த இடத்தில் குழந்தைகள் கைக்கு எட்டும்படி புத்தகங்களை அடுக்குவோம். பிறந்தநாள் மிட்டாய்க்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேட்போம். நம்மைவிட நல்ல யோசனை அவர்களிடம் இருக்கும்.

வாய்ப்பிருப்பவர்கள் மாணவர்களைத் தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். இங்கிருந்து நடந்தே போகலாம். இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த அந்தக் கட்டடத்தில், 1959 ஏப்ரல் 15ஆம் நாள் நேரு அதைத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது நீண்ட விளக்கம் வேண்டாம். "இவர் ஏன் சட்டையைக் கழற்றினார்? யாருக்காக?" என்ற இரண்டு கேள்விகள் போதும். மற்றதைப் பிள்ளைகள் பேசட்டும்.