கையெழுத்துப் போட மட்டுமா நாம்?

(நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமா என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்க. வாசிப்பேன், டீ குடிப்பேன், போயிடுவேன். இந்தத் தடவை, "நாங்க இருபது பேர் சேந்து நிலம் வாங்கலாம்னு இருக்கோம். நீங்க பேங்குல இருக்கீங்க, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு வந்து சொல்லுங்க" என்று கூப்பிட்டிருக்கீங்க. பத்து வருஷமாக மற்றவர்களின் பத்திரங்களைக் கட்டி பீரோவில் வைக்கிற கிளார்க் நான். அந்தக் கட்டுகளில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்த ஊரைப் பார்ப்போம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுவருகிறோம். நிலத்துக்காரர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கிணற்றில் இறங்கி மண்வெட்டி போட்டவன் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. 1956இல் நிறுவனம் வந்தது. 1957 மே 20ஆம் தேதி நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். ஊர்கள் பெயர்ந்தன. ஊரோடு சேரியும் பெயர்ந்தது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியாகவா பெயர்ந்தன? பட்டாவில் பெயர் இருந்தவனைத் தேடிக் காசோலை போனது. அதே நிலத்தில் நாற்று நட்ட, களை பறித்த, அறுத்த கைகளுக்கு எந்தக் காகிதமும் இல்லை. 1894ஆம் வருஷச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அந்த நிலத்தை நம்பி மூன்று வருஷம் பிழைத்த கூலிக்காரனும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான் என்று நாட்டில் எழுத்தில் வருவதற்கு 2013ஆம் வருஷச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் நிலத்தை ஒரு வருமானமாக மட்டும் நாம் பேச முடியாது. நிலம் இல்லாதவன் நஷ்ட ஈட்டுக்கும் தகுதி இல்லாதவன் என்பதைத்தான் இந்த மண் நமக்குச் சொல்லிக்கொடுத்தது.

இனி நடந்த ஒரு கதை. பெயர்களைச் சொல்லப்போவதில்லை.

நம்ம பையன்கள் ஐந்து பேர். எல்லாரும் கான்ட்ராக்ட் வேலை. ஒரு மனைப்பிரிவுக்காரர் வீடு தேடி வருகிறார். நம் வாசலில் வந்து உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிக்கிறார். அதிலேயே பாதி கரைந்துவிட்டார்கள். "தம்பிங்களா, எவ்வளவு நாளைக்கு அடுத்தவன்கிட்ட கைகட்டி நிப்பீங்க? என்கூட பார்ட்னரா வாங்க. பணம் நான் போடுறேன், பேரு உங்களுது. பிளாட் வித்தா பங்கு." பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஒருவன் என் சித்தப்பா மகன். "அண்ணே, கம்பெனி ஆரம்பிக்கிறோம்" என்று காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. பட்டா இருந்தது. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. பணம் வைத்திருக்கிறவன் சொத்தை ஏன் நம் பெயரில் வாங்க வேண்டும்? பையனின் ஆயாவிடம் போய்ச் சர்வே எண்ணைச் சொல்லாமல், இடத்தை மட்டும் சொல்லிக் கேட்டேன். கிழவி யோசிக்கவே இல்லை. "அதுவா? அது நம்ம டி.சி. நிலமாச்சேடா. எங்க மாமனார் கம்பு போட்ட கொல்லை. கடனுக்கு எழுதி வாங்கிட்டாங்க."

தோழர்களே, டி.சி. நிலம் என்றால் என்னவென்று மாணவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி 1891இல் ஒரு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வெள்ளைக்கார அரசு ஆணை போட்டது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருவது அந்த நிலத்தைத்தான். முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது, தானம் கொடுக்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுதான் பஞ்சமி நிலம். அது எப்படிக் கைமாறியது என்பதற்கு ஒவ்வொரு சேரியிலும் ஒரு கதை உண்டு. கைநாட்டு, சாராயக் கடன், மிரட்டல், பொய்ப்பெயர். அதைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கி வெடித்தது. காரணை நிலத்துக்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள்.

இப்போது அந்த மனைப்பிரிவுக்காரரின் கணக்கு புரிகிறதா? கைமாறிய பஞ்சமி நிலத்தை அப்படியே விற்றால் ஒருநாள் கேள்வி வரும். அதனால் ஒரு தலித் பெயருக்கு எழுதிவைத்து, அவனிடமிருந்தே 'பவர்' வாங்கிக்கொண்டால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். பையன்கள் பார்ட்னர் இல்லை. அவர்களுடைய சாதிச் சான்றிதழ்தான் பார்ட்னர். காலமெல்லாம் நம்மை வெளியே நிறுத்தப் பயன்பட்ட சாதி, நம் நிலத்தை நம்மை வைத்தே விழுங்குவதற்கும் பயன்படுகிறது.

ஐந்து பேரில் மூன்று பேர் விலகிக்கொண்டார்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் தம்பி போட்டான். சண்டை போட்டேன். அவன் கேட்டான்: "அண்ணே, நீ ஸ்டாஃப் லோன்ல மனை வாங்கி வீடு கட்டிட்ட. உக்காந்து கவிதை எழுதுற. எனக்கு யாரு லோன் குடுப்பா? அவரு ஒருத்தருதான் என்னைத் தேடி வந்தாரு. நீங்க யாராச்சும் வந்தீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு இங்கே வந்து நிற்பதுதான் பதில். அவன் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவனுக்கு ஒரு மனைப்பிரிவுக்காரர்தான் கிடைத்தார், ஒரு குழு கிடைக்கவில்லை. அந்தக் குழுவை எப்படிக் கட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

குழு கட்டி நிலம் வாங்குவது நமக்குப் புதிதில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதன்பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் நம் சமூகத்தில் பிறந்தவர். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விற்க மனம்வந்த நிலக்காரரிடம் கூட்டாகப் பேசி விலை முடிப்பது, அரசு, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று பெண்கள் பெயரில் பதிவது, விளைச்சலில் கடனைக் கட்டுவது. இப்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலம் பெற்றன. 'உழுதவனுக்கு உரிய நிலத்தைப் பண்ணையாரிடம் விலை கொடுத்து வாங்குவதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பஞ்சமி நிலத்தை மீட்கிற போராட்டத்தை இதற்காக யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் தனியாகப் போனால் தலையாட்டுகிற கூலி, கூட்டாகப் போனால் விலை பேசுகிறவள் ஆகிறாள். அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

சரி, இருபது பேருக்கு வருவோம். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்றால் மாதம் 40,000. ஐந்து வருஷத்தில் 24 லட்சம், வட்டி தனி. நம்மால் முடியாத தொகை இல்லை. ஆனால் பணம் சேர்வதற்கு முன்னால் ஆட்கள் சேரவேண்டும். யார் யார்?

முதல் ஆள், காகிதம் படிக்கிறவர். மாணவர்களே, இது உங்கள் வேலை. வில்லங்கச் சான்று என்பது பதிவான கொடுக்கல் வாங்கலை மட்டும்தான் காட்டும். டி.சி. நிபந்தனையை அது காட்டாது. பேங்கில் பெரும்பாலும் முப்பது வருஷ வில்லங்கம்தான் கேட்போம். பஞ்சமி கைமாறியது அதற்கும் முன்னாலே இருக்கும். ஆகவே, "பேங்கே லோன் குடுத்திருச்சு, நிலம் சுத்தம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராம 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அதோடு நிற்காமல், யூ.டி.ஆருக்கு முந்தைய பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது ஆள், அளக்கிறவர். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மூலையையும் கல்லையும் பார்க்கிறவர். பாதை இருக்கிறதா என்று பார்க்கிறவர். நமக்கு விற்கிற நிலத்துக்குப் பாதை ஊர்க்காரர் வயல் வழியாக இருக்கும், அறுப்புக்கு வண்டி விடமாட்டான்.

மூன்றாவது, வக்கீல். விற்கிறவர் அழைத்துவருகிற வக்கீல் நம் வக்கீல் ஆகமாட்டார். ஃபீஸ் கொடுத்து நாமே வைத்துக்கொள்வோம்.

நான்காவது, கணக்கு. கணக்கு எழுதுகிறவர் கையில் பணம் இருக்கக்கூடாது. பணம் வைத்திருக்கிறவர் கணக்கு எழுதக்கூடாது. வங்கிக் கணக்கில் மூன்று பேர் பெயர், இரண்டு பேர் கையெழுத்து. மாதம் ஒருமுறை வரவுசெலவைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இது சந்தேகம் இல்லை. நம்மில் எத்தனை சங்கங்கள் கொள்கையில் உடைந்தன, எத்தனை ரசீதுப் புத்தகத்தில் உடைந்தன என்று உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது ஆள் கிழவி. ஆமாம், சிரிக்காதீர்கள். என் தம்பி கொண்டுவந்த காகிதத்தில் இல்லாததைச் சொன்னது அந்த ஆயாதான். எந்த நிலம் யாருடையது, யார் ஏமாந்தார் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பெயருக்கு இல்லை, கையெழுத்துப் போடுகிற இடத்தில்.

அடுத்து, இந்தக் குழுவுக்கு என்ன உருவம்? வெறும் சீட்டுக் குழுவாக இருந்தால் அதன் பெயரில் நிலம் பதிய முடியாது. இருபது பேர் பெயரிலும் கூட்டாகப் பதியலாம். ஆனால் அது பிரிபடாத பாகம். ஒருவருக்குக் கல்யாணச் செலவு வந்தால் தன் பாகத்தை வெளியாளுக்கு விற்றுவிடுவார், மனைப்பிரிவுக்காரர் உள்ளே வந்துவிடுவார். ஆகவே, விற்பதானால் குழுவுக்கே முதலில் விற்க வேண்டும் என்று வாங்குவதற்கு முன்பே எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். 1983ஆம் வருஷச் சட்டப்படி கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தால் நிலம் சங்கத்தின் பெயரில் இருக்கும். அதில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அலைச்சல் அதிகம், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான்.

அரசிடமிருந்தும் கேட்டுப் பெறவேண்டியது இருக்கிறது. தாட்கோ மூலம் 2023இல் வந்த நன்னிலம் திட்டத்தில், நிலமற்ற நம் பெண் விவசாயத் தொழிலாளிகளுக்கு நிலத்தின் மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் மானியம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் இல்லை. விற்கிறவர் நம் சமூகத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். நல்ல நிபந்தனைதான். ஆனால் கண்விழித்திருங்கள், நம்மிடமிருந்து போன பஞ்சமி நிலத்தையே நமக்கு மானியத்தில் விற்றுவிடக்கூடாது!

மனை வாங்குவதானால் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை 2016இல் உயர்நீதிமன்றம் நிறுத்தியபோது, வாயைக்கட்டி வயிற்றைக்கட்டி வாங்கிய எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் நின்றார்கள். இந்தப் பக்கத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சுரங்க விரிவாக்கத்தில் அந்த இடம் வருமா? 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தோம். பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்ட நிலம் என்றார்கள். வாங்குமுன் கேட்பதற்குக் காசா பணமா?

கடைசியாக ஒன்று. நாமும் நிலம் வாங்கிப் பிளாட் போட்டு, அங்கே நம்மைவிடக் கீழே வைக்கப்பட்டவனுக்கு மனை கிடையாது என்று சொன்னால், இந்தக் கூட்டமே வீண். முதல் தீர்மானமாக இதை எழுதுங்கள்: நம் நிலத்தில் சாதி கேட்டு யாரையும் திருப்பி அனுப்பமாட்டோம். இரண்டாவது தீர்மானம்: யாருடைய முகமூடியாகவும் கையெழுத்துப் போடமாட்டோம்.

என் தம்பிக்கு இன்றைக்கு இங்கே வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். வரவில்லை. இருபத்தோராவது ஆளுக்கு ஒரு இடம் வைத்திருங்கள். அவன் போட்ட கையெழுத்தை ரத்துசெய்ய வழி இருக்கிறதா என்பதை நம் வக்கீல் பார்க்கட்டும். இந்தக் குழுவின் முதல் வேலையாக அது இருக்கட்டும்.

இப்போது யார் கணக்கு எழுதப்போகிறீர்கள், கையைத் தூக்குங்கள்.