எரித்தது நெருப்பு, அழித்தது யார்?

(நாச்சியாபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பழைய சந்தைக் கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "பகுத்தறிவு பேசும் நமக்குப் பழைய சுவரிடம் என்ன பாசம்? அதுவும் வெள்ளைக்காரன் கட்டிய சுவரிடம்!" என்று கேட்டார் தோழரொருவர். நல்ல கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

சென்னையிலே மூர் மார்க்கெட் என்றோர் அங்காடி இருந்தது. 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தார்கள். பெயர், மாநகராட்சித் தலைவராயிருந்த ஜார்ஜ் மூருடையது. ஆனால் செங்கல் சுமந்த தோள் யாருடையது? சுண்ணாம்பு குழைத்த கரம் யாருடையது? நம்மவருடையது! செல்வன் வேண்டாமென்று வீசிய புத்தகம், ஏழை மாணவன் கைக்கு வந்துசேர்ந்த இடம் அது. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். பழைய புத்தகக் கடைகள்தாம் எனக்குக் கல்லூரி. ஆனால் மூர் மார்க்கெட்டை நான் கண்டதில்லை. நான் பிறக்குமுன்பே, 1985 மே திங்களில், தீ அதைத் தின்றுவிட்டது.

தீ தின்றது என்று கூறிவிட்டு அமர்ந்துவிடலாமா? அதே 1985இல் கல்கத்தாவிலும் தீ! 1874இல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டின் ஒரு பகுதி வெந்து வீழ்ந்தது. எரிந்ததை அங்கேயே எழுப்பினார்கள், எரியாததைக் காத்தார்கள். செங்கல் முகப்பும் மணிக்கூண்டும் இன்றும் நிற்கின்றன, வணிகமும் நடக்கிறது. சென்னையிலோ, அந்த இடத்திலே புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. வணிகர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ரயில் வேண்டாம் என்பவனல்ல நான். ஆயினும், அந்த நிலையத்துக்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்று பெயர் இருக்கிறதே, மார்க்கெட் எங்கே?

செட்டிநாட்டாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குச் சென்று பாருங்கள். பர்மாத் தேக்குத் தூண் ஒருபுறம், நிலைக்கதவு ஒருபுறம். வீடு எங்கே? வீடு இல்லை, விலை இருக்கிறது!

அதற்காக, பழையது பழையபடியே கிடக்கட்டும் என்பேனா? ஒழுகும் கூரையின்கீழே, சாக்கடையோரம் அமர்ந்து கீரை விற்கும் தாயிடம், மேலே வளைவின் அழகைப் பாரம்மா என்பது அயோக்கியத்தனம். வடிகால் வேண்டும், கழிப்பறை வேண்டும், புதிய மின்கம்பியும் தீயணைக்கத் தண்ணீர்க் குழாயும் வேண்டும். ஆனால், சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசாதீர்கள். சுண்ணாம்பு, தான் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும், ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும். புதுப்பித்த சுவர் பழைய சுவரைவிட விரைவில் பாழாகும்! சுண்ணாம்புப் பூச்சறிந்த கொத்தனார்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆத்தங்குடியிலே தளக்கல் வார்க்கும் கைகள் இருக்கின்றன. வேலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தோழர்களே! உங்கள் ஊர்ச் சந்தையைப் புதுப்பிக்கிறோம் என்று வரைபடமும் கையுமாக ஒருவர் வந்தால், முகப்பைப் பற்றிப் பிறகு கேளுங்கள். வேலை முடியும்வரை கடைக்காரர் எங்கே பிழைப்பார்? திரும்பிவரும் உரிமை எழுத்திலே உண்டா? வாடகை என்ன? தரையிலே கூடை வைத்து விற்கும் தாய்க்கு, அந்த வரைபடத்திலே எத்தனை அடி? இவற்றை முதலில் கேளுங்கள்.