கணக்கில் வராத பங்கு



2007இல் காவிரி நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. ஆற்றின் சூழலைக் காக்க 10. தடுக்க முடியாமல் கடலுக்குப் போவது 4. 2018இல் உச்ச நீதிமன்றம் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தது. பிலிகுண்டுலுவில் மாதாமாதம் எவ்வளவு வரணும் என்பதற்கும் அளவு உண்டு.

ஆத்துக்கே பங்கு வச்சாச்சு. நல்லதுதான். சேத்துல இறங்கி நாத்து நடுற எங்கம்மாவுக்கு எங்க பங்கு?

பாசனப் பரப்பை வைத்துப் போட்ட கணக்கு இது. நிலம் இருக்கிறவனுக்குத்தான் தண்ணீர். நான் வங்கியில் பயிர்க்கடன் மனு வாங்குகிறவன். முதல் கேள்வியே 'சிட்டா, அடங்கல் எங்கே?' என்பதுதான். மேட்டூர் திறக்காத வருஷம் கருகின பயிரை ஏக்கர் ஏக்கராக எழுதுகிறார்கள். நடவில்லாமல் போன கூலியை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். காவிரி பாய்கிற மண்தான் அது. தண்ணீர் குறைந்ததால் அல்ல. கூலி உயர்த்திக் கேட்டதால்.

கர்நாடகத்திடம் உரிமை கேட்போம், விடக்கூடாது. அதே குரலில் இங்கேயும் கேட்போம்: தண்ணீர் வராத நாளுக்குக் கூலி கொடு. உழைக்கிறவனுக்கு நிலம் கொடு. வாய்க்கால் தலைப்பு வரைக்கும் வருகிற நியாயம் சேரி வரைக்கும் வரட்டும்.