தேயிலைப் பெட்டியில் இல்லாத படம்

கடையிலே விற்கும் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுட் பலவற்றின் மேல் ஒரு படம் இருக்கும். பின்னே நீல மலை. முன்னே பச்சைச் செடிகளின் அடுக்கு. நடுவே முதுகிற் கூடை தாங்கிய பெண்ணொருத்தி சிரித்த முகத்தோடு கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பாள். நுவரெலியாவையும் ஹற்றனையும் ஒருநாளும் கண்டறியாத அயல்நாட்டார்க்கும் இப்படம் பழக்கமானது. மலையகம் என்றதும் அவர்கள் மனத்தில் எழுவது இதுவே.

இந்தப் படத்தின் வயது நூறு ஆண்டுக்கு மேல். 1890ஆம் ஆண்டில் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்னும் கருத்தையே தம் விளம்பரத்தின் உயிராகக் கொண்டார். அவர் காலந்தொட்டுக் கொழுந்து பறிக்கும் பெண் விளம்பரங்களில் வந்துகொண்டே இருக்கின்றாள். 1933ஆம் ஆண்டில் மக்டொனால்ட் கில் என்னும் ஆங்கில ஓவியர், இத்தீவின் வரைபடத்தையே தேயிலை விளம்பரத்திற்கான வண்ணச் சுவரொட்டியாக ஆக்கினார். 1930களின் நடுப்பகுதியில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு வெளிவந்த இலங்கைத் தபால் முத்திரைகளுள், ஒன்பது சத முத்திரையும் கொழுந்து பறிக்கும் காட்சியைத் தாங்கியிருந்தது. இவற்றுட் கைத்திறன் மிக்க படங்கள் உண்டு. அவற்றைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் அவை யாவும் தேயிலையை விற்பதற்காக வரையப்பட்டவை. லயத்திலே பிறந்த ஒருவர் தம் ஊரைத் தமக்காக வரைந்தால் அந்தப் படம் எப்படி இருக்கும்? சித்திரம் பயிலும் இளைஞர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனத்திற் கொண்டு இன்று பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்தில் நடந்த மாணவர் சித்திரப் போட்டி ஒன்றில் நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். கொடுக்கப்பட்ட தலைப்பு 'என் ஊர்'. வந்து குவிந்த படங்களைப் புரட்டியபோது வியப்பாக இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதே தேயிலைப் பெட்டிப் படத்தையே வரைந்திருந்தார்கள். அவர்களுடைய தாய்மார் தலையிற் கயிறு மாட்டி நைலோன் சாக்கைச் சுமப்பவர்கள். படத்திலே பிரம்புக் கூடை. அவர்களுடைய தாய்மார் மழையிலும் பனியிலும் இடுப்பிலே படங்கு கட்டி நிற்பவர்கள். படத்திலே பட்டுச் சேலை. தன் வீட்டு வாசலிலே நின்று பார்க்கும் பிள்ளைகூட, பிறர் கண்ணை இரவல் வாங்கியே தன் ஊரைப் பார்த்திருந்தது.

அவற்றினிடையே ஒரு சிறுமியின் படம் வேறாக இருந்தது. விடியற்காலைப் பீலிக்கரை. மனிதர் எவரும் இல்லை. முறைக்குக் காத்து நிற்கும் வாளிகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒன்றன் கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருந்தது. நிறம் போதாது, ஆட்களைக் காணோம், படம் முற்றுப்பெறவில்லை என்று நடுவர்கள் பேசிக்கொண்டோம். நானும் உடன்பட்டேன். பரிசு ஒரு கூடைப் படத்திற்குப் போயிற்று. இன்று அந்தப் பரிசுப் படத்தின் நிறம்கூட என் நினைவில் இல்லை. அந்த வாளிகளோ இன்னும் என் கண்முன் நிற்கின்றன. அன்று தவறியவள் அந்தச் சிறுமி அல்லள், நாங்களே.

நேயர்களே, ஓவியரின் பணி இருவகைப்படும். ஒன்று, பிறர் கேட்டு வரைவது. பத்திரிகை ஒரு கதைக்குப் படம் கேட்கும். வணிகர் ஒரு பெயர்ப்பலகை கேட்பார். கோயில் திருவிழாவிற்கு விளம்பரம் வேண்டும். இவை வயிற்றுப்பாட்டிற்கு வேண்டியவை, இழிந்தவை அல்ல. மற்றொன்று, எவரும் கேளாதிருக்கத் தாமே மேற்கொள்வது. அதற்குக் கூலி இல்லை, தவணை இல்லை, இப்படித்தான் வேண்டும் என்று சொல்வாரும் இல்லை. ஓர் ஓவியரின் கைக்குத் தனி முகம் வருவது இந்த இரண்டாவது வகையினாலேதான் என்பது என் துணிபு.

இதற்கு ஒரு நல்ல சான்று தமிழகத்து ஓவியர் கே. எம். ஆதிமூலம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலே 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியிலே பயின்றவர். 1969ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு விழா வந்தபோது, அடிகளைக் கோட்டோவியமாக நூறு படங்கள் வரைந்தார். ஒரே மனிதர்; நூறு பார்வை. முதற் சில படங்களிலே நாம் அறிந்த காந்தி வந்துவிடுவார். நாற்பதாவது, ஐம்பதாவது படத்தை வரைய ஓவியர் தாமே தேடியாக வேண்டும். அவ்வாறு தேடித் தேடிப் பழகிய கோடுதான், பின்னாளிலே கி. ராஜநாராயணனின் கரிசற்காட்டுக் கட்டுரைகளுக்கு அவர் வரைந்த படங்களிலே அந்த மண்ணின் வெடிப்பாகவும் வெயிலாகவும் நின்றது.

நம் மலையகத்திலும் இவ்வழியிற் சென்றோர் உளர். தேயிலைத் தோட்டச் சூழலிலே வளர்ந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைப் பைகளையும் தேயிலைச் சாயக் கறையையும் வடியையும் தம் கலைக்குரிய பொருள்களாகவே கொண்டவர். உலகம் பருகிவிட்டு எறியும் பொருளிலே அதைப் பறித்தவரின் வாழ்க்கையைக் காட்டுவது எத்துணை நேரிய சிந்தனை! எந்த விளம்பர நிறுவனம் இதைக் கேட்டு வாங்கியிருக்கும்?

ஆதலின் இளம் ஓவியர்க்கு நான் சொல்வது இதுதான். 'மலையக வாழ்க்கை' என்று மலையளவு பொருளைத் தூக்காதீர்கள். கையடக்கமான ஒரு பொருளை எடுத்து, ஓராண்டு அதனோடு வாழுங்கள். பிரட்டுக்களத்தில் அதிகாலையிற் கூடுவோரின் முதுகுகள் மட்டும். கொழுந்து நிறுக்கும் தராசும் அதை உற்று நோக்கும் கண்களும் மட்டும். கவ்வாத்து வெட்டிய மலையிலே எலும்பெனத் துருத்தும் கிளைகள் மட்டும். மாசி மாதத்திலே காமன் ஊன்றி, அவனை எரித்து, உயிர்ப்பிக்கும் வரை நடைபெறும் காமன் கூத்தை நாளொரு படமாக வரையலாம். 'அரைப்பேர்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைநாட் சம்பளம் என்னும் அந்தச் சொல், ஒரு தாய் வீட்டுக்குத் திரும்பி வரும் நடையிலே எப்படித் தெரியும்? அதை வரைய லயத்துப் பிள்ளைக்குத் தெரியும்; இலண்டன் ஓவியருக்குத் தெரியாது.

செலவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு பென்சிலும் முதுகுப்புறம் வெறுமையான பழைய தாள்களும் போதும். கடுஞ் சாயத்தண்ணியைத் தூரிகையாலே தோய்த்தால் இளம்பழுப்பு முதல் அடர்பழுப்பு வரை பல தோற்றங்கள் கிடைக்கும். அதிலே இரும்புத் துரு ஊறிய நீரைச் சேர்த்தால் நிறம் கருமைக்கு மாறும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடுவதால் விளைவது அது. ஒவ்வொரு படத்தின் கீழும் நாளையும் இடத்தையும் எழுதிவையுங்கள். ஓராண்டின் பின் அக்கட்டு உங்கள் ஊரின் ஏடாகிவிடும்.

இனிப் போட்டிக்கு வருவோம். போட்டி எதற்கு? தனித்து வரைபவருக்குத் தவணை இல்லை என்றேன். போட்டி ஒரு தவணையைத் தருகின்றது. நம்மை அறியாதவர் நம் படத்தைப் பார்க்கும் வாய்ப்பையும் தருகின்றது. 1960களில் வீரகேசரி வாயிலாக மலைநாட்டு எழுத்தாளர்க்கெனச் சிறுகதைப் போட்டிகள் நடைபெற்றன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்னும் நூலாயின. லயத்து வாழ்க்கையை லயத்துப் பேச்சிலே எழுதலாம் என்ற துணிவு பலர்க்குப் பிறக்க அப்போட்டிகள் உதவின. கதைக்கு நேர்ந்த நன்மை சித்திரத்திற்கும் நேர வேண்டும்.

போட்டியிலே மற்றொரு நன்மையும் உண்டு. 1981ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலே, வியட்நாம் போரில் மாண்டவர்க்கு நினைவுச்சின்னம் அமைக்க ஒரு போட்டி நடந்தது. வந்த வடிவங்கள் 1,421. எதிலும் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே. தெரிவான வடிவத்தின் உரிமையாளர் யாரென்று பார்த்தபோது, மாயா லின் என்ற இருபத்தொரு வயது மாணவி. சீனக் குடியேறியவர்களின் மகள். வகுப்பிலே பயிற்சியாக அவர் தொடங்கிய வேலை அது. தோட்டத்துச் செக்றோலில் மனிதரை இலக்கமாக எழுதும்போது அவர் முகம் மறைகின்றது. இத்தகைய போட்டியிலோ, அதே இலக்கம் ஊரையும் குலத்தையும் மறைத்து வேலையை மட்டும் முன்னே நிறுத்துகின்றது.

எனினும் போட்டிக்கென்றே வரைபவர் போட்டியிலும் வெல்வது அரிது. இந்திய ரூபாய்க்குக் குறியீடு வேண்டி இந்திய நிதியமைச்சு 2009இல் ஒரு போட்டியை அறிவித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலை 15ஆம் நாள் ஏற்கப்பட்டது, கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த டி. உதயகுமாரின் வடிவம். தேவநாகரி ரகரமும் ரோம எழுத்தாகிய ஆரும் ஒன்றாய் இணைந்த எளிய உரு. மேலே இரு கிடைக்கோடுகள். பார்ப்பவர்க்கு ஒரு நாள் வேலை போலத் தோன்றும். ஆனால் அவர் அதற்கு முன்பே மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியிலே எழுத்துருக்களை ஆராய்ந்தவர். 'பராசக்தி' என்னும் தமிழ் எழுத்துரு ஒன்றை அமைத்தவர். எழுத்தின் வளைவிலும் கோட்டிலும் பல காலம் தோய்ந்த கைதான் அந்த உருவைக் கண்டது. பரிசு இரண்டரை இலட்சம் ரூபாய் போட்டியினால் வந்தது. பரிசுக்குரிய தகுதியோ போட்டிக்கு முன்பே வந்துவிட்டது.

போட்டியின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். சில போட்டிகளின் விதிகளிலே, 'அனுப்பப்படும் ஆக்கங்கள் யாவும் நடத்துவோருக்கே உரியன' என்ற பொருளில் ஒரு வரி கடைசியிலே சிறிய எழுத்திலே ஒளிந்திருக்கும். வென்ற படத்தை உரிய விலைக்குப் பெறுவது நியாயம். தோற்ற நூறு படங்களையும் விலையின்றி வைத்துக்கொள்வது நியாயமா? நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படம் வரையப்பட்ட கணமே அதன் பதிப்புரிமை வரைந்தவருக்கு உண்டாகிவிடும், பதிவு வேண்டுவதில்லை, அவர் வாழ்நாளின் பின்னும் எழுபது ஆண்டு அது நீடிக்கும். அத்தகைய உரிமையை ஒரு கையொப்பத்தாலே இழந்துவிடலாகாது. ஆகவே விதிகளை முழுதும் வாசியுங்கள். நடுவர் யாவர், கட்டணம் உண்டா, தோற்ற படம் திரும்பி வருமா என்று கேளுங்கள். மூலப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இயன்றவரை பிரதியையே அனுப்புங்கள்.

தோல்வி வந்தால்? நடுவரும் மனிதரே. அவர் தவறுவார் என்பதற்கு உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கும் நானே சாட்சி. பரிசு கிடைத்தால் அது உங்கள் தொடர் வேலைக்குக் கிடைத்த கைம்மாறு. கிடைக்காவிட்டால் அந்த வேலை குறையின்றி உங்களிடமே இருக்கின்றது. ஒரு போட்டிக்கென்றே வரைந்தவரிடம், தோற்றபின் எஞ்சுவது ஒரு வீண் தாள். தமக்கென வரைந்து அதிலொன்றைப் போட்டிக்கு அனுப்பியவரிடம் முழுக் கட்டும் எஞ்சும்.

நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பளபளப்பான நிறத்துக்கும் பழகிய காட்சிக்கும் புள்ளி வழங்குமுன், இந்தப் பிள்ளை தன் கண்ணாலே எதைக் கண்டது என்று ஒருமுறை கேளுங்கள்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இத்தீவுக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தார்கள். முன்னோர் நடந்த வழியைப் பின்னோர் நடந்து பார்த்தார்கள். அந்த முன்னோர் காட்டு வழியிலே நடந்து வந்தபோது தம் கையாலே தம்மை வரைந்து வைத்த படம் ஒன்றையும் நாம் அறியோம். நம் காலத்தைப் பற்றியும் இன்னொரு நூற்றாண்டின் பின் ஒருவர் அப்படிச் சொல்ல நேரலாகாது.

பீலிக்கரை வாளிகளை வரைந்த அந்தப் பிள்ளை இன்று வளர்ந்திருப்பாள். இந்த ஒலிபரப்பை அவள் கேட்டுக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு சொல். அம்மா, அந்தப் படம் முற்றுப்பெறாத படம் அன்று. அந்த வாளிகளை மீண்டும் வரை. வெயிலில், மழையில், தண்ணீர் வராத நாளில் என முப்பது படங்கள் வரை. அவற்றுள் ஒன்றை அடுத்த போட்டிக்கு அனுப்பு. மற்ற இருபத்தொன்பதையும் பத்திரமாக வைத்திரு. உன் ஊர் அவற்றிலே இருக்கின்றது.