கிக் எங்கே முடியுது?

நான் எடுக்கிற மியூசிக் புரொடக்‌ஷன் வகுப்புல சேரணும்னு ஒரு பொண்ணு வந்தாங்க. பிறவியிலேயே காது கேட்காது. "இவளால முடியுமா சார்?"னு அம்மா கேட்டாங்க. முடியும். எப்படிங்கிறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஸ்காட்லாந்து போயிட்டு வருவோம். எவலின் கிளெனின்னு ஒரு தாளவாத்தியக் கலைஞர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல டிரம்ஸ் வாசிச்சாங்களே, அவங்கதான். 8 வயசுல காது மங்க ஆரம்பிச்சு, 12 வயசுக்குள்ள அநேகமா முழுசாவே போயிடுச்சு. பள்ளியில சொல்லிக்கொடுத்த ரான் ஃபோர்ப்ஸ், வகுப்பறைச் சுவர்ல கையை வெச்சு நிக்க வெச்சு, டிம்பனியில ஒவ்வொரு ஸ்வரமா வாசிச்சார். டிம்பனின்னா கொப்பரை மாதிரி பெரிய மேளம். கீழ்ச் சுருதி காலிலயும் பாதத்திலயும், மேல்ச் சுருதி முகம், கழுத்து, மார்புலயும் தெரியுதுன்னு கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சாங்க. காது கேட்ட காலத்துச் சுருதி ஞாபகமும் அவங்களுக்குத் துணையா இருந்துச்சு. பிறவியிலேயே கேட்காத ஒருத்தருக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது.

ஆனா தோல் எல்லாருக்கும் இருக்கு. காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். தோலுக்கு ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸோட கதை முடிஞ்சிடும். 200, 300 பக்கம்தான் ரொம்ப கூர்மை. அதிர்வு விடாம வந்துக்கிட்டே இருந்தா தோல் பழகிடும், மரத்துப்போன மாதிரி ஆயிடும். சுருதியில சின்ன வித்தியாசம் அதுக்குப் பிடிபடாது. எப்ப தொடங்குச்சு, எப்ப நின்னுச்சுங்கிறது நல்லாவே தெரியும். எலக்ட்ரானிக் மியூசிக்ல கிக், பேஸ் ரெண்டும் குடியிருக்கிற இடமே அந்தக் கீழ்ப்பகுதிதான்!

அந்தப் பொண்ணு சப்வூஃபர் பெட்டி மேல உள்ளங்கையை வெச்சுத்தான் வேலை பார்ப்பாங்க. ஒருநாள் வகுப்புல ஒரு பையனோட டிராக் ஓடிச்சு. எல்லாரும் தலையாட்டிட்டு இருந்தோம். அவங்க மட்டும் போன்ல டைப் பண்ணிக் காட்டினாங்க: "கிக் எங்கே முடியுது?"

வேவ்ஃபார்மைப் பெரிசாக்கிப் பார்த்தோம். கிக்கோட வால் நீண்டு பேஸ் மேலயே படுத்திருக்கு. ரெண்டும் 50 ஹெர்ட்ஸ் பக்கம். எங்க காதுக்கு ஏன் உறைக்கலன்னா, கிக் தொடங்குறப்போ மேலே ரெண்டு மூணாயிரம் ஹெர்ட்ஸ்ல ஒரு 'டக்' இருக்கும். அதை வெச்சே மூளை தாளத்தைப் பிரிச்சுக்கும். தோலுக்கு அந்த 'டக்' வராது, வெறும் உறுமல்தான். கிக்கோட டிகேயைக் குறைச்சோம். கிக் விழும்போது பேஸ் ஒதுங்கிக்கிற மாதிரி சைட்செயின் போட்டோம். டிராக் எங்களுக்கும் தெளிவாச்சு.

உடனே "எவ்வளவு தன்னம்பிக்கை!"ன்னு கைதட்டற ஆளுங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அவங்க செஞ்சது மானிட்டரிங், எங்களைவிட நல்லா.

வகுப்பறையில இதைச் செய்ய நினைக்கிற டீச்சர்களுக்கு: நம்ம கான்க்ரீட் தரை அசையவே அசையாது, மரம் அசையும். ஒரு மர பெஞ்ச் எடுங்க. அடியில பாஸ் ஷேக்கர்னு கிடைக்கிற அதிர்வுக் கருவியைத் திருகி மாட்டுங்க. அதுக்குன்னு தனியா ஒரு ஆம்ப். 150 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறதை ஃபில்டர் பண்ணிடுங்க. ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டாதீங்க. கேட்கிற பசங்க காது கெட்டுடும், பக்கத்து வகுப்பு டீச்சரும் சண்டைக்கு வருவாங்க.

அந்தப் பொண்ணு இப்ப முதல் டிராக்ல இருக்காங்க. மெலடி கிடையாது, முழுக்க கிக், இடைவெளி, உறுமல். எனக்கு நடுப்பகுதி நீளம்னு தோணுது, சொன்னேன். "பெஞ்ச்ல உட்கார்ந்து கேளுங்க சார்"னு பதில் வந்துச்சு. உட்கார்ந்தேன். இன்னமும் நீளம்தான்னு நினைக்கிறேன். வாக்குவாதம் ஓடிட்டு இருக்கு.

சைட்செயின் செட்டிங்ஸ் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அடுத்த எபிசோட்ல.